இதா, அடுத்த வளைவுதானுங்க

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பாலமலைக் கோயிலுக்கு ஏறுகிற ரோட்டில் மொத்தம் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும். கூட ஏறுகிற கீழ்வீட்டு அக்காவுக்கும் தெரியும். ஆனால் எந்த வளைவில் நின்று மூச்சிரைக்க "இன்னும் எவ்வளவு தூரமுங்க்கா?" என்று கேட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"இதா, அடுத்த வளைவுதானுங்க அம்மணி."

அது ஒருநாளும் அடுத்த வளைவாக இருந்ததில்லை. முதல் மாதம் நம்பி ஏறினேன். இரண்டாவது மாதம் கோபித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கோபப்படவும் தெம்பில்லாமல் பின்னாலேயே போனேன். எனக்கு அப்போது நாற்பத்தி மூன்று. நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நூலை இவ்வளவு நீளம் என்று அளந்து, எடை போட்டு, அது எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அளவு பிசகினால் எனக்கு ஆகாது. கையில் தூரம் காட்டுகிற வாட்ச் வேறு கட்டியிருப்பேன். அதைக் காட்டி, "பாருங்க்கா, இன்னும் பாதிகூட வரலை" என்றால், "அத எதுக்குங்க பாக்கறீங்க? பாத்தா மேடு கொறையுங்களா?" என்பார்.

துடியலூர்ப் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீடு அவருடையது. எனக்கு இரண்டாவது மாடி. காங்கேயத்துக்காரர். ஐம்பதைத் தொட இருந்தார். பேரை எழுதினால் கூச்சப்படுவார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் ஓடியது மாரத்தானுக்காக. மகள் படிக்க வெளியூர் போனபிறகு, வேலை விட்டு வந்து வெறும் வீட்டைத் திறப்பது சங்கடமாக இருந்தது. மில்லில் இரண்டு மூன்று பேர் கோத்தகிரி ரோட்டில் நடக்கிற மலை மாரத்தானுக்குப் பேர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். கொடுத்த அன்று சாயங்காலமே வருத்தப்பட்டேன். மலையில் ஓட மலையில்தான் பழகவேண்டும் என்றார்கள். மேட்டில் குனிந்து சின்னச் சின்ன அடியாக வை, இறக்கத்தில் முட்டியைக் காப்பாற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். துணைக்கு வருவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

அக்கா வந்தார். அவர் ஓடியது வேறு காரணத்துக்கு.

அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். தன்னுடையதில் ஒன்றைக் கொடுப்பது என்று அக்கா முடிவு செய்துவிட்டார். ரத்தம் பொருந்திவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில், "எடை அதிகம், சர்க்கரையும் எல்லையில் நிக்குது, ரெண்டையும் கீழ கொண்டுவாங்க, அப்புறம் மத்த டெஸ்ட் எடுக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழியிலேயே ஷூ வாங்கிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அவர் பஸ்ஸுக்குக்கூட ஓடியவர் இல்லை.

தூரத்தைக் குறைத்துச் சொல்வது அவருக்கு மலையில் மட்டும் இருந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். விடிகாலையில் கேட் அருகே நின்று போன் செய்தால், "இதா, கேட்டுகிட்ட வந்துட்டனுங்க" என்பார். போனிலேயே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அவர் தம்பி மகளின் பூப்புச் சீருக்கு நானும் போயிருந்தபோது, பசியோடு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, "இல போட்டாச்சுங்க, வாங்க வாங்க" என்று எல்லோரையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே அரிசி அப்போதுதான் உலைக்குப் போயிருந்தது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து இவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இவர் அசரவில்லை. "பசிச்சவங்ககிட்டப் போயி இன்னும் ஒரு மணி நேரமாகும்னு சொல்ல முடியுங்களா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

காங்கேயம் பக்கம் அவர்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தானாம். வெயிலில் நடந்து வருகிறவன் வழி கேட்டால் "இதா, பக்கந்தானுங்க" என்றுதான் சொல்லவேண்டும். அஞ்சு மைல் என்று உள்ளதைச் சொன்னால் அது மரியாதை இல்லை. சொன்னவனை ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்றார். நானும் இந்த ஜில்லாக்காரிதான். எங்கள் பக்கமும் அப்படிச் சொல்வது உண்டு. ஆனால் இவர் அளவுக்கு யாரும் அதை ஒரு கடமையாக எடுத்துச் செய்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். மலைக்குப் புதுசு. அடிவாரத்திலேயே வேகமாக ஓடிவிட்டு, பாதி வழியில் நாக்குத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அக்காவிடம் கேட்டார்கள். கேட்க ஊரில் வேறு ஆளா கிடைக்கவில்லை?

"ரெண்டே ரெண்டு வளைவுதானுங்க தம்பி. தெம்பா வாங்க."

எழுந்தார்கள். இரண்டு வளைவு போயிற்று, நாலு போயிற்று. அதற்கு மேல் அவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதை இங்கே எழுதமுடியாது. அவர்களோடு வந்த பெண் ஒருத்தி ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அழுதேவிட்டாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்து, "இதா கண்ணு, கோபுரம் தெரியுது பாரு" என்று தூக்கிவிட்டார். தெரிந்தது ஒரு செல்போன் டவர். ஆனாலும் அத்தனை பேரும் கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். இறங்கும்போது அந்தப் பெண் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. பொய் சொன்னவருக்கு மரியாதை, வாட்சைப் பார்த்து உண்மை சொன்ன என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. மேலே வந்து சேர்ந்ததும் அக்கா அதில் வாயை வைத்துக் குடிக்கிற குடி இருக்கிறதே, பார்க்கிற நமக்கே வயிறு நிறைந்துவிடும். பிறகு முந்தானை இல்லாத சுடிதாரில் எதைக்கொண்டு துடைப்பது என்று தெரியாமல் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போனால் தண்ணீர்ச் செம்பைத் தொடமாட்டார். டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளவுதான். அவர் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். தாகம் தாங்காவிட்டால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வார். அவர் முன்னால் அக்கா தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. "தாகமே எடுக்கறதில்லீங்க எனக்கு" என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

அந்த மனிதர் லேத்தில் நின்றவர். அவருக்கும் என்னைப் போல அளவு சரியாக இருக்கவேண்டும். ஒருநாள் தபால் கொடுக்கப் போனபோது அக்கா அடுப்படியில் இருந்தார். வீட்டுக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க அளக்கறவங்க. உள்ளதச் சொல்லுங்க. ஆப்பரேசனுக்கு இன்னும் எத்தன நாளாகும்? இவளக் கேட்டா ஆறு மாசமா அடுத்த மாசம்ங்கறா."

"எடை நல்லா கொறஞ்சிருக்குதுங்கண்ணா" என்று மழுப்பிவிட்டு மாடி ஏறிவிட்டேன். படியேறும்போது நானும் அக்கா மாதிரி ஆகிவிட்டேன் என்று பட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் எடை உண்மையிலேயே குறைந்தது. அந்த உடம்பு அந்த மேட்டில் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தவள். முதல் மாதம் முழுக்க நடந்தார். பிறகு விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் ஓடினார். முட்டி வீங்கும், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வருவார். செக்போஸ்டில் வனத்துறைக்காரர் "யானை எறங்கியிருக்குதுங்க, வெளிச்சம் வரட்டும்" என்று நிறுத்தினால், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பார். நான் அந்த நேரத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். சர்க்கரையும் இறங்கியது. மற்ற டெஸ்டுகளுக்கு ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் மாடிப்படியில் எல்லா வீட்டுக்கும் கேசரி வந்தது.

டெஸ்டு முடிந்த பிறகும் அவர் வழக்கம்போல ஓட வந்தார். ஒரு மாதம் வந்தார். முகம் மட்டும் சரியில்லை. நான் தூரம் கேட்காத நாளில்கூட அவராகவே "இதா, அடுத்த வளைவுதானுங்க" என்று சொல்லிக்கொண்டு ஏறினார். எனக்கு என்னவோ போல இருந்தது. ஒருநாள் கோயில் குழாயில் அவர் தண்ணீரே குடிக்காமல் நின்றபோது கேட்டுவிட்டேன்.

"என்னங்க்கா சொன்னாங்க ஆஸ்பத்திரில?"

"ஆகாதுன்னு சொல்லிப்போட்டாங்க அம்மணி."

ஸ்கேனில் அவருடைய ஒரு சிறுநீரகம் சின்னதாக இருப்பது தெரிந்ததாம். பிறவியிலேயே அப்படியாம். அது பாதி வேலைகூடச் செய்வதில்லை. உங்களுக்கே இரண்டும் வேண்டும், எடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். எடை, சர்க்கரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டினாராம். எத்தனை மலை ஏறினாலும் வளராத ஒன்றுக்காக இந்த மனுசி இத்தனை நாள் ஏறியிருக்கிறார்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"அவுருகிட்டச் சொல்லலீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எனக்கு இன்னொரு விஷயம் தெரியும். இறந்தவர்களிடமிருந்து எடுக்கிற உறுப்புக்கு அரசாங்கத்தில் ஒரு வரிசை இருக்கிறது. பதிந்த நாளை வைத்துத்தான் அதில் இடம். முதலிலேயே பதியச் சொன்னார்கள். வீட்டுக்காரர்தான் மறுத்துவிட்டார். "என்ற சம்சாரமே குடுக்கறப்ப, நாதியில்லாதவங்க நிக்கற வரிசையில நாம எதுக்குங்க எடத்தப் புடிக்கோணும்?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பதிய அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். உண்மை தெரியாமல் எப்படிப் போடுவார்?

அந்தக் குழாயடியில் நான் கத்திய கத்தலில் பூக்கடைக்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். "நீங்க தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் அவரு வரிசையில ஒரு ஆளுக்குப் பின்னால போறாருங்க்கா. இது மலையில்லை. அடுத்த வளைவு, அடுத்த வளைவுன்னு கூட்டிட்டுப் போறதுக்கு அங்க கோயில் இல்லை!"

அக்கா ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எப்படி அம்மணி சொல்றது? காத்தால நான் எந்திரிக்கறதுக்கு மின்ன அவுரு எந்திரிச்சர்றாரு. இந்த ஷூவத் தொடச்சு வாசல்ல வெச்சு, கதவத் தொறந்து உடறாரு. அவுரு மூஞ்சியப் பாத்துப்போட்டு நான் எப்படி ஊட்டுல உக்காந்துக்கறது? அதான் ஏறிட்டு வாரேன்."

அதற்குமேல் என்னால் கத்தமுடியவில்லை. இரண்டு பேரும் இறங்கினோம். இறக்கத்தில்தான் முட்டி அதிகம் வலிக்கும். அன்றைக்கு அப்படி வலித்தது.

மறுநாள் கேட் அருகே நின்று போன் செய்தேன். எடுக்கவில்லை. நானும் ஓடப் போகவில்லை. சாயங்காலம் அவரே மேலே வந்தார். நாற்காலியில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லிப்போட்டனுங்க. வாசல்ல இருந்த ஷூவப் பாத்தாரு. பொறவு, அப்ப இனி மலைக்கிப் போகவேண்டியதில்லையான்னு கேட்டாரு. இல்லீங்கன்னேன். தெனமும் காலு வலிச்சுதா அம்மணின்னு கேட்டாரு. அப்பத்தானுங்க அழுதுபோட்டேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"வேற என்ன சொன்னாரு?"

"இனி எங்கிட்ட மட்டும் தூரத்தக் கொறச்சுச் சொல்லாதேன்னாரு."

அந்த வாரமே கையெழுத்துப் போட்டு வரிசையில் பதிந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு காங்கேயத்துக்கே போய்விட்டார்கள். அங்கே சொந்த வீடு, பக்கத்திலேயே டயாலிசிஸும் வந்துவிட்டது. இப்போதும் போன் செய்தால் முதலில் வரிசையைப் பற்றித்தான் கேட்பேன். "நகருதுங்க அம்மணி. ஆனா இன்னும் நெறையப் பேரு மின்னால இருக்கறாங்க" என்பார். அப்படி உள்ளதை உள்ளபடி அவர் சொல்வது எனக்கு இன்னும் பழகவில்லை.

அவர்கள் போனபிறகு பாலமலைக்குத் தனியாக ஏறினேன். வாட்ச் சரியாகத்தான் சொன்னது. இன்னும் இவ்வளவு, இன்னும் இவ்வளவு என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னது. பல நாள் பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

மாரத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேட்டுப்பாளையத்துக்கு மேலே, கோத்தகிரி ரோட்டில். முதல் பாதியை எப்படியோ ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு தொடை பிடித்துக்கொண்டது. மில்லிலிருந்து வந்தவர்கள் எனக்கு முன்னால் எங்கோ போய்விட்டார்கள். ரோட்டையே பார்த்துக்கொண்டு, ஏன் பேர் கொடுத்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு வளைவில், ஓரத்துக் கட்டைச் சுவரின்மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காதை மூடிய மப்ளரும், டயாலிசிஸ் ஊசி போடுகிற கையின்மேல் துண்டுமாக அக்காவின் வீட்டுக்காரர். பக்கத்தில் சேலையில் அக்கா. கார் பிடித்துக்கொண்டு காங்கேயத்திலிருந்து வந்திருக்கிறார்கள். வருவதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எத்தனையோ கேட்டிருக்கலாம். வாயில் வந்தது அதுதான்.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க்கா?"

எவ்வளவு என்று என் மணிக்கட்டிலேயே இருந்தது. தெரிந்துகொள்வதற்காக நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரியும். "இதா" என்று வாயெடுத்தார். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நெறைய இருக்குதுங்க அம்மணி. இனிமேத்தான் மேடே."

வாழ்நாளெல்லாம் சரியான அளவு வேண்டும் என்று நின்றவள் நான். அந்த நிமிடம் அந்த மனுசியின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை தூரம் வந்து, இன்றைக்கு ஒருநாள் பொய் சொன்னால் என்ன? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அக்கா சுவரிலிருந்து இறங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்புக் காலோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓடவேண்டாம். வாங்க, நடப்போம்."

பின்னாலிருந்து வீட்டுக்காரர் கேட்டார். "எது வரைக்கும் போற?"

"இதா, அடுத்த வளைவு வரைக்குந்தானுங்க!"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அக்கா சொல்கிற அடுத்த வளைவு எனக்குத் தெரியாதா? குறைந்தது ஏழெட்டு வளைவுக்குத் துணை இருக்கிறது என்று தெம்பு வந்தது. இரண்டு பேரும் ஏறினோம். சின்னச் சின்ன அடியாக, குனிந்து, பாலமலையில் ஏறியது போலவே. அவருடைய செருப்புச் சத்தத்துக்கு என் கால் சரியாக விழுந்தது. தொடை வலிகூடக் கொஞ்சம் விட்டது.

அடுத்த வளைவு வந்தது. அக்கா நின்றுவிட்டார்.

"போய்ட்டு வாங்க அம்மணி. இதுக்கு மேல அவுர உட்டுப்போட்டு வர முடியாதுங்க."

என் கையை ஒருதரம் அழுத்திப் பிடித்துவிட்டு இறங்கத் தொடங்கினார். வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக. ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். கீழே சுவரில் உட்கார்ந்திருந்தவர் துண்டை எடுத்து ஆட்டினார். அது எங்கள் இரண்டு பேரில் யாருக்கு என்று தெரியவில்லை. நான் மேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். இன்னும் நிறைய தூரம் இருந்தது.